வெடித்த கல்

அம்பிகைபாகன் என்பது அவர் பெயர். பினாங்கில், ஜெலுத்தோங் சாலையை ஒட்டித் தகரக் கூரையோடு நின்ற கற்சோதனைக் கூடத்திற்கு அவரே பொறுப்பாளர், குவாரிக்காரர்கள் கிராணியார் என்றழைக்கும் எழுத்தரும் அவரே. கையில் அகப்பட்ட பொருள் எதுவாயினும், அதனை விரல் முட்டியால் இரண்டு முறை தட்டிப் பார்த்த பின்னரே அதனோடு மேற்கொண்டு பழகுவார். தேநீர்க் கோப்பையைத் தட்டுவார், தேங்காயைத் தட்டுவார், திறந்து கிடக்கும் கதவையும் தட்டுவார். மைத்துனியின் திருமணத்தன்று மாப்பிள்ளையின் தலையையும் தட்டப் பார்த்தார் என்று அவர் மனைவி ஞானாம்பிகை சொல்லி வந்ததில் உண்மை பாதிக்கு மேல் இராது.

இரண்டாவது வழக்கம், கல் காய்வதைப் பார்த்தல். கல்லின்மீது ஒரு செம்பு நீரை ஊற்றிவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே அமர்ந்துவிடுவார். நல்ல கல் ஒரே சீராகக் காயும். உள்ளே பிளவு ஓடும் கல்லிலோ, மேற்பரப்பு வெளுத்த பின்னும் பிளவின் வழியே ஈரம் தங்கி, மயிரிழை போன்ற கருங்கோடு ஒன்று சற்று நேரம் தெரியும். அந்தச் சற்று நேரத்திற்காகவே அவர் காத்திருப்பார். சாலையில் போகிறவர்களுக்கு அது ஓர் உத்தியோகமாகத் தோன்றியதே இல்லை.

மூன்றாவது வழக்கம் இலக்கணம். யாழ்ப்பாணத்தில் படித்த காலத்தில் இலக்கணத்திற்காகப் பரிசு பெற்றவர். அந்தப் பற்று கடல் கடந்த பின்னும் அவரை விடவில்லை. கல் குவாரிக்கு அவர் அனுப்பும் இரண்டு வரித் துண்டுச் சீட்டிலும் எழுவாயும் பயனிலையும் தத்தம் இருக்கையில் அமர்ந்திருக்கும். தாம் எழுதியதற்கு இரண்டு பொருள் கொள்ள எவராலும் இயலாது என்பதில் அவருக்குச் சிறிது கர்வமும் உண்டு.

ஆங்கிலேயர் போய் ஜப்பானியர் வந்தபோது அந்தக் கூடத்தில் மாறியவை இரண்டே. சுவர்க் கடிகாரம் டோக்கியோ நேரத்தை எட்டிப் பிடிக்க ஒன்றரை மணி முன்னே நகர்ந்தது. கல்லின் வலிமை இறாத்தலை விட்டுக் கிலோகிராமுக்கு நகர்ந்தது. கற்கள் இவ்விரண்டையும் பொருட்படுத்தவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், துறைமுகத்திலே புதிதாக ஒரு பாரந்தூக்கி நிறுத்துவதென்று முடிவாயிற்று. அதற்குக் கால்கள் நான்கு. காலுக்கு ஒன்றாக நான்கு கருங்கற்கள் தேவை. ஒவ்வொரு கல்லும் ஒரு பக்கத்திற்கு மூன்றடி. இந்த வேலை மொரிதா என்ற ஜப்பானியப் பொறியாளரின் பொறுப்பில் இருந்தது. மெலிந்த மனிதர், தடித்த கண்ணாடி அணிந்தவர், கூடத்திற்குள் நுழைந்ததும் மனிதர்களுக்கு முன்னர் அழுத்தும் பொறிக்குத் தலை வணங்குவார். ஆங்கிலத்தைப் புத்தகத்திலிருந்து வாசிப்பவர் போலப் பேசுவார். அம்பிகைபாகனும் அவரும் அந்த மொழியிலேயே உரையாடி வந்தனர்.

"ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எண்ணூறு கிலோகிராம்," என்றார் மொரிதா. "அதற்குக் குறைந்தால் கல் வேண்டாம். அதற்கு மேல் இருந்தால் கேள்வி வேண்டாம்."

அம்பிகைபாகனுக்கு அது பெரிய எண்ணாகத் தோன்றவில்லை. எதிர்க்கரையிலுள்ள புக்கிட் மெர்தாஜாம் குவாரியிலிருந்து வரும் கருங்கல் ஆயிரத்து நானூறு வரை தாங்குவதை அவர் பலமுறை பார்த்திருக்கிறார். ஆயினும் எச்சரிக்கையாக இருக்க விரும்பினார். மலையிலிருக்கும் கல் மனிதர் அறியாக் காலத்திலேயே தானாகப் பிளந்திருக்கக்கூடும். அத்தகைய கல் பாரந்தூக்கியின் காலடிக்கு ஆகாது. எனவே, குவாரியில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் பழனியப்பனுக்கு ஒரு துண்டு எழுதினார்:

"வெடித்த கற்களை விலக்கி, எஞ்சியவற்றுள் நான்கினைத் தெரிந்து அனுப்புக."

எழுதிய பின் ஒருமுறை படித்துப் பார்த்தார். குற்றம் ஒன்றும் இல்லை. துண்டு படகேறி அக்கரைக்குப் போயிற்று.

ஆறாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை, கற்கள் ரயிலிலும் படகிலும் மாட்டுவண்டியிலுமாக வந்து சேர்ந்தன. நான்காவது கல்லின் மேல் பழனியப்பன் கால்மேல் கால் போட்டு அமர்ந்து வந்தார். தாம் தெரிந்தெடுத்த கற்களைத் தாமே கொண்டுவந்து கொடுக்க வேண்டுமென்று அவருக்கு ஆசை. சாய்வாகப் போடப்பட்ட சாலையில் அவரது அந்த அமர்வு எப்படிக் குலையாமல் வந்தது என்பது வண்டிக்காரருக்கே வியப்பாக இருந்தது.

கூடத்தில் வேலை செய்த இன்னொருவர் அப்துல் அஜீஸ். பெருங்கல்லின் மூலையில் ஒரு துண்டை எடுத்து, உளியால் செதுக்கி, மணலில் தேய்த்து, பக்கத்திற்கு மூன்றங்குலக் கட்டியாக்குவது அவர் வேலை. கட்டியைப் பொறியின் இரு தட்டுகளுக்கும் இடையில் வைத்த பின், நீண்ட பிடியை மேலும் கீழும் ஆட்டி எண்ணெயை அழுத்துவதும் அவரே. முள் நகரும் வட்டத்தை அம்பிகைபாகன் பார்த்துக்கொண்டிருப்பார். வழக்கமாக அஜீஸின் சட்டை முழுவதும் நனைந்த பிறகே கல் உடையும்.

புதன்கிழமை காலை, முதல் கல்லிலிருந்து எடுத்த முதல் கட்டி, அஜீஸின் நெற்றியில் ஒரு துளி வியர்வையும் தோன்றுமுன் "டப்" என்றது. முள் நானூற்று அறுபதில் நின்றது.

"அண்ணே, நான் இன்னும் கைய சூடு பண்ணவே இல்ல," என்றார் அஜீஸ். "இது கல்லா, பாசார்ல வாங்குன பலகாரமா?"

அம்பிகைபாகன் துண்டுகளை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். குறையற்ற கல் நசுங்கினால் நாற்புறமும் சில்லுகள் தெறித்து, நடுவில் உடுக்கை போன்ற ஓர் உருவம் மிஞ்சும். இங்கே சில்லு இல்லை, உடுக்கை இல்லை. கட்டி, சாய்வான ஒரே கோட்டில் இரண்டாக விலகி, மேற்பாதி கீழ்ப்பாதியின்மேல் சறுக்கி இறங்கியிருந்தது. சறுக்கிய முகங்கள் துருப்பிடித்தாற்போலப் பழுப்பாக இருந்தன. இன்றைக்கு உடைந்த முகம் அப்படி இராது. நீண்ட காலமாக மழைநீர் போய் வந்த வழி அது.

அதே கல்லின் மற்றொரு மூலையிலிருந்து எடுத்த கட்டி ஆயிரத்து நானூற்று இருபது தாங்கிற்று. அஜீஸ் இம்முறை நன்றாக நனைந்தார்.

அந்நேரத்தில் மொரிதா வந்து, பொறிக்கு வணங்கி, இரண்டு எண்களையும் பார்த்தார்.

"சராசரி தொள்ளாயிரத்து நாற்பது," என்றார். "போதும்."

"போதாது, ஐயா," என்றார் அம்பிகைபாகன். "பாரம் சராசரியின்மேல் நிற்பதில்லை. பலவீனமான இடத்தைத் தேடிப் போய் நிற்கும். மூன்றங்குலக் கட்டியில் பிளவு வந்து அகப்படுவது தற்செயல். மூன்றடிக் கல்லில் அதற்கு இடம் தாராளம். சிறிய கட்டி எப்பொழுதும் தன் தாய்க்கல்லைப் பற்றிப் புகழ்ந்தே பேசும். நாம் அதனை அப்படியே நம்பிவிடலாகாது."

மொரிதா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, தாய்க்கல்லையே கேட்கலாம் என்றார்.

நான்கு கற்களின் மேலும் நீர் ஊற்றப்பட்டது. முக்காலி ஒன்றே இருந்தபடியால் அதனை மொரிதாவுக்குக் கொடுத்துவிட்டு, அம்பிகைபாகன் நின்றுகொண்டார். ஏப்ரல் வெயிலில் கற்கள் விரைவாக வெளுத்தன. முதல் கல்லில் கருங்கோடு தோன்றிற்று. இரண்டாவதில் தோன்றிற்று. மூன்றிலும் நான்கிலுங்கூடத் தோன்றிற்று. எல்லாம் ஏணியைச் சுவரில் சாய்த்த சாய்வில் ஓடின.

"ஒரு கல் என்றால் தற்செயல்," என்றார் மொரிதா. "நான்கு என்றால் அது ஒரு மனிதனின் வேலை."

அவர் கைப்பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். வேலை தாமதமானால் அதை நிரப்பி மேலிடத்திற்கு அனுப்ப வேண்டும். படிவத்தின் கடைசிக் கட்டம் தாமதத்திற்குப் பொறுப்பான ஆளின் பெயருக்கு. சயாமில் ரயில் பாதை போடுவதற்கு ஆட்கள் போதவில்லை. அந்தக் கடைசிக் கட்டத்துப் பெயர்களிலிருந்தும் ஆட்களை எடுத்துக்கொள்கிறார்கள். அடுத்த ரயில் வண்டி வெள்ளிக்கிழமை. இவற்றையெல்லாம் அவர் மிரட்டலாகச் சொல்லவில்லை. வானிலையைச் சொல்வது போலச் சொன்னார்.

"கட்டம் காலியாக இருக்கக் கூடாது," என்றார். "நாளை நண்பகலில் வருகிறேன். கற்களை அனுப்பிய மண்டோர் ஊருக்குத் திரும்ப வேண்டாம்."

அவர் போன பிறகு அம்பிகைபாகன் கூடத்தின் பின்புறம் போனார். அங்கே மாமரத்தடியில் பழனியப்பன் தலைப்பாகையை அவிழ்த்து விசிறிக்கொண்டிருந்தார். கோபம் அம்பிகைபாகனுக்கு எளிதில் வராது. வந்தால் அவருடைய பேச்சு மெதுவாகிவிடும்.

"பழனியப்பன், என்ரை துண்டு உங்களுக்குக் கிடைச்சதோ?"

"கெடச்சிச்சு ஐயா. நானும் என் கூட்டாளி சின்னையாவுமா சேந்து படிச்சோம். மேல் வரி நான், கீழ் வரி அவன்."

"அதிலை என்ன எழுதியிருந்தது?"

"வெடிச்ச கல்ல ஒதுக்கிட்டு, மிச்சத்துல நாலு அனுப்புன்னு."

"பிறகேன் நாலும் வெடிச்ச கல்லாய் அனுப்பினீங்கள்?"

பழனியப்பனின் விசிறல் நின்றது. "யாரு ஐயா அனுப்புனா? நாலுல ஒண்ணுகூட வெடிச்சது இல்ல. எல்லாம் ஆப்பு வெச்சுப் பொளந்தது. வெடிச் சத்தமே கேக்காத கல்லு."

"வெடிச் சத்தமோ?"

"ஆமாலா. மருந்து வெச்சு வெடிச்ச கல்லு முப்பது கெடந்துச்சு, மலையோட வயித்துல இருந்து வந்தது, ஒவ்வொண்ணும் யானக்குட்டி மாதிரி. அத்தனையும் ஒதுக்கிட்டேன். சின்னையாகூடக் கேட்டான், ஏன் அண்ணே நல்ல கல்ல வுடுறேன்னு. டேய், கிராணியார் படிச்சவரு, வெடி வெச்சா கல்லு உள்ளுக்குள்ள அதிர்ந்து போயிரும்னு தெரிஞ்சுதான் எழுதியிருக்காருன்னு நான்தான் அவன அடக்குனேன்."

அம்பிகைபாகன் மாமரத்தை இரண்டு முறை தட்டினார். காரணம் எதுவும் இல்லை. கைக்கு ஏதேனும் வேண்டியிருந்தது.

"பழனியப்பன், வெடிச்ச கல் எண்டால் வெடிப்பு விழுந்த கல். தானாய் வெடிச்சது."

"கல்லு தானா எப்படி ஐயா வெடிக்கும்? அது என்னா தீவாளிப் பட்டாசா?"

"வயல் தானாய் வெடிக்கிறதில்லையோ? பாதம் வெடிக்கிறதில்லையோ?"

"பாதத்துல வெடிப்பு வரும். ஒத்துக்கிறேன். எங்க தனலெட்சுமிக்குக்கூட ரெண்டு கால்லயும் இருக்கு. அதுக்காக என் சம்சாரம் காலு வெடிச்சிருச்சுன்னு நான் வெளிய போயி சொன்னேன்னா, லயத்துல இருக்கிறவனெல்லாம் ஆஸ்பத்திரிக்கு ஓடி வருவான்."

"பிறகு இப்படிக் கல்லுக்கு நீங்கள் என்னெண்டு சொல்லுவீங்கள்?"

"கோடு ஓடுன கல்லு. ரெண்டே வார்த்த. அப்படி எழுதியிருந்தா, கண்ண மூடிக்கிட்டு நல்ல கல்லா அனுப்பியிருப்பேன்."

அம்பிகைபாகனுக்கு எல்லாம் தெளிவாயிற்று. ஆப்பு வைத்துப் பிளக்கும் கற்கள் மலையுச்சியில் கிடக்கும் உருண்டைப் பாறைகளிலிருந்து வருபவை. அவற்றில் மழையும் வெயிலும் ஏற்கெனவே கோடு போட்டிருக்கும். ஆப்பு எங்கே எளிதில் இறங்குகிறதோ அங்கே கல்தச்சன் அதை வைப்பான். அது இறங்கும் இடமெல்லாம் கோடு ஓடும் இடம். பழனியப்பன் துண்டில் இருந்ததை எழுத்துப் பிசகாமல் செய்து, இருப்பவற்றுள் மிகப் பலவீனமான நான்கினைத் தெரிந்தெடுத்து, அவற்றின்மேல் ஏறி அமர்ந்தும் வந்திருக்கிறார்.

"அந்தத் துண்டு இப்ப எங்கை?"

பழனியப்பன் தலைப்பாகையைக் கட்டத் தொடங்கினார். முனையைச் செருகிவிட்டுச் சொன்னார்:

"அது பொகஞ்சிருச்சு ஐயா."

"என்னது?"

"பொகயில சுருட்டிட்டோம். காயிதம் எங்க கெடைக்குது இப்ப? மேல் வரி நான், கீழ் வரி அவன். உங்க காயிதம் நல்ல காயிதம் ஐயா, இருமலே வரல."

மொரிதாவின் படிவத்தைப் பற்றியும் வெள்ளிக்கிழமை வண்டியைப் பற்றியும் அம்பிகைபாகன் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பழனியப்பன் கேட்டுக்கொண்டே தரையில் கிடந்த மாவிலை ஒன்றை நரம்பு நரம்பாகக் கிழித்தார். அவர் குடியிருந்த தொழிலாளர் லயத்திலிருந்து போன வருடம் சயாமுக்குப் போன ஐவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

"நீங்க எழுதுனதுன்னு நான் சொல்ல மாட்டேன் ஐயா," என்றார் முடிவில். "சொன்னாலும் காயிதம் எங்கன்னு கேப்பான். பொகச்சுட்டேன்னா, அதுக்கு ஒரு கட்டம் வெச்சிருப்பான்."

அன்று மாலை, டோக்கியோ நேரப்படி இரவும் சூரியன்படி பகலுமாக இருந்த வேளையில், அம்பிகைபாகன் வீட்டில் மரவள்ளிக்கிழங்குப் பிட்டின் முன் அமர்ந்திருந்தார். பக்கத்தில், காலையில் இரண்டாகச் சறுக்கிய அந்தக் கற்கட்டி. ஞானாம்பிகை முழுக் கதையையும் கேட்டுவிட்டு, சிரிப்பதா வேண்டாமா என்று சிறிது யோசித்தார், பிறகு சிரித்தேவிட்டார்.

"கடைசியிலை உங்கடை இலக்கணத்தைப் புகைச்சுப்போட்டினம்."

"சிரியும், சிரியும்."

"சரி, சிரிக்கேல்லை. துண்டு இல்லையெண்டால், எழுதினவர் ஆரெண்டு ஆருக்குத் தெரியும்?"

"பழனியப்பனுக்குத் தெரியும்."

"அவர் சொல்லமாட்டன் எண்டல்லோ சொன்னவர்?"

"ஓம். சொல்லமாட்டாராம். அதுதான் கரைச்சல்," என்றார் அம்பிகைபாகன்.

ஞானாம்பிகை இன்னும் கொஞ்சம் பிட்டு வைத்தார். அம்பிகைபாகன் அதைத் தொடவில்லை. கற்கட்டியின் இரு பாதிகளையும் பொருத்தி, பலகைமேல் நிறுத்தினார். மேற்பாதி சறுக்கி, தட்டின் விளிம்பில் இடித்து நின்றது. மீண்டும் பொருத்தினார். மீண்டும் சறுக்கிற்று.

"இஞ்சேருங்கோ, சாப்பாட்டுத் தட்டு உடைஞ்சால் இப்ப வாங்கேலாது," என்று சொல்லி ஞானாம்பிகை, பொருத்திய கட்டியை அவர் கையிலிருந்து வாங்கிப் பக்கவாட்டில் படுக்க வைத்துவிட்டுத் அடுப்படிக்குப் போனார்.

கட்டி அசையாமல் இருந்தது.

அம்பிகைபாகன் அதனைப் பார்த்தார். குனிந்து பக்கவாட்டிலிருந்தும் பார்த்தார். நிறுத்தி வைத்தபோது ஏணி போல நின்ற பிளவு, படுக்க வைத்தபோது கூரை போலத் தாழ்ந்த சரிவாகிவிட்டது. ஏணிச் சாய்வில் பாரம் சறுக்கும். கூரைச் சாய்வில் கல்லும் கல்லும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். மேலே அழுத்த அழுத்தப் பிடி இறுகுமே தவிர விடாது. மெதுவாகத் தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கட்டியின்மேல் வைத்தார். நின்றது. பிட்டுத் தட்டையும் செம்பின்மேல் வைத்தார். அதுவும் நின்றது.

ஞானாம்பிகை திரும்பி வந்து அந்தக் கோபுரத்தைப் பார்த்தார்.

"சாப்பிடப் பிடிக்கேல்லையெண்டால் வாயாலை சொல்லலாம்," என்றார்.

வியாழக்கிழமை விடியற்காலையிலேயே அம்பிகைபாகனும் அஜீஸும் பழனியப்பனும் வேலையில் இறங்கிவிட்டனர். மண்டோர் உளியை வாங்கிக்கொண்டார். அவர் கை பட்டதும் கல் வேறு கல்லாயிற்று. கருங்கோடு ஓடும் இடத்தைச் சுண்ணாம்பால் குறித்து, கோடு ஒவ்வொரு கட்டியின் நடுவிலும் ஒரே சாய்வில் போகும்படி ஒவ்வொரு பெருங்கல்லிலிருந்தும் இரண்டு கட்டிகளாக எட்டுக் கட்டிகளை வெட்டியெடுத்தனர். நண்பகலில் மொரிதா வந்தபோது எட்டும் வரிசையாக நின்றன.

"எட்டிலும் பிளவு உண்டு, ஐயா," என்றார் அம்பிகைபாகன். "நான்கினை நிறுத்தி அழுத்துகிறேன். நான்கினைப் படுக்க வைத்து அழுத்துகிறேன்."

நிறுத்தியவை நானூற்று முப்பது, ஐந்நூற்றுப் பத்து, நானூற்று எழுபது, முந்நூற்றுத் தொண்ணூறு என்று உடைந்தன. ஒவ்வொன்றும் சறுக்கியே உடைந்தது. பிறகு முதல் கட்டியைப் படுக்க வைத்தனர். அஜீஸ் பிடியை ஆட்டினார். ஐந்நூறு போயிற்று. எண்ணூறு போயிற்று. மொரிதா எழுந்து பொறியின் அருகில் வந்து நின்றார். ஆயிரம் போயிற்று.

"அண்ணே, போதும்னா சொல்லுங்க," என்றார் அஜீஸ். "கல்லுக்கு முன்னாடி நான் ஒடஞ்சிருவேன்."

மொரிதாவுக்குத் தமிழ் தெரியாது. ஆயினும் அதன் பொருள் விளங்கிவிட்டது. மேற்சட்டையைக் கழற்றி முக்காலிமேல் மடித்து வைத்துவிட்டு, அஜீஸை விலகச் சொல்லித் தாமே பிடியைப் பற்றினார். ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறில் கட்டி நாற்புறமும் சில்லுகளாகத் தெறித்தது. நடுவில் உடுக்கை மிஞ்சியது. மற்ற மூன்றும் ஆயிரத்து நூற்றுக்கும் ஆயிரத்து இருநூற்று ஐம்பதுக்கும் இடையில் நின்றன. கடைசிக் கட்டி உடைந்தபோது மொரிதா பொறிக்கு மட்டுமல்லாமல் உடைந்த கல்லுக்கும் தலை வணங்கினார்.

"பிளவு இருக்கிறதா என்று கேட்டால் போதாது," என்றார் அவர், மூச்சு வாங்கியபடி. "எந்தப் பக்கம் சாய்கிறது என்று கேட்க வேண்டும்."

"ஆம், ஐயா. நான்கு கற்களையும் ஒரு புரட்டுப் புரட்டிப் பதித்தால் போதும். எந்த முகம் மேலே வர வேண்டும் என்று சிவப்புச் சாயத்தால் குறித்துத் தருகிறேன். குறுக்குவாட்டில் இடி தாங்காது. ஆனால் காலடிக்கல்லின்மேல் விழுவது நேர்பாரம்."

மொரிதா தாமே எழுதிக்கொண்டார். ஏதோ ஜப்பானிய மொழியில் சொல்லி ஒருமுறை சிரிக்கவும் செய்தார். பழனியப்பன் அஜீஸின் காதில், "சிரிக்கிறான், தப்பிச்சோம்லா," என்று சொன்னது எல்லாருக்கும் கேட்டது.

பிறகு மொரிதா மேற்சட்டையை அணிந்து, பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டு, கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்தார்.

"கற்கள் சரி," என்றார். "தாமதம் இரண்டு நாள். கட்டம் அப்படியே இருக்கிறது."

நடந்ததை அம்பிகைபாகன் விளக்கினார். ஒரே மொழியில் ஒரு சொல், யாழ்ப்பாணத்தாருக்கு ஒன்றாகவும் குவாரித் தொழிலாளருக்கு வேறாகவும் பொருள்பட்டது. எவரும் எதையும் கெடுக்க எண்ணவில்லை. தவறு அந்தச் சொல்லினுடையது. மொரிதா குறுக்கிடாமல் கேட்டார். அந்தச் சொல்லை ஒருமுறை உச்சரித்தும் பார்த்தார். அவர் வாயில் அது மூன்றாவதாக வேறொன்றாயிற்று.

"நம்புகிறேன்," என்றார். "எங்கள் மொழியிலும் உண்டு. ஆனால் ஒரு சொல்லை ரயிலில் ஏற்ற முடியாது. இங்கே ஆளின் பெயர் வேண்டும். கல்லை அனுப்பியவர் மண்டோர். உங்கள் கடிதம் எங்கே?"

"இல்லை, ஐயா."

"கடிதம் இல்லையென்றால் கல்லை அனுப்பியவர் மட்டும் இருக்கிறார்." பேனாவின் மூடியைத் திருகினார். பிறகு அம்பிகைபாகனை நிமிர்ந்து பார்த்து, முன்னிலும் மெல்லிய குரலில் சொன்னார்: "சயாமில் பாலங்கள் கட்டுகிறார்கள். கல்லை அறிந்தவர்கள் அங்கே குறைவு. இந்தக் கட்டத்தில் யார் பெயர் இருந்தாலும் மேலிடம் வேண்டாம் என்று சொல்லாது. அது உங்கள் பெயரானால், விட்டுவிடும்படி நான் எழுதிக் கேட்கலாம். கேட்பார்கள் என்று உறுதி இல்லை. உங்களுக்குப் புரிகிறதா?"

அம்பிகைபாகனுக்குப் புரிந்தது. கடிதம் புகையாகப் போன பின் தம்மைக் கேட்பார் எவரும் இல்லை. மண்டோரும் வாய் திறக்கப் போவதில்லை. அஜீஸ் பிடியைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே பளபளத்தது. பழனியப்பன் வாசலில், தம்முடைய நான்கு கற்களைப் பார்த்தபடி நின்றார். ஆங்கிலம் அறியாதவராயினும், பேனாவின் மூடி திருகப்பட்டதை அவர் அறிவார்.

"ஐயா, மண்டோர் என் கடிதத்தில் இருந்ததையே செய்தார், அதனைப் பிழைபட எழுதியவன் நான்," என்றார் அம்பிகைபாகன். "அந்தக் கட்டத்தில் என் பெயரை எழுதுகிறேன்."